கயலுக்கு, கறுப்புத் திரை லேப்டாப் பற்றி

அன்புள்ள கயல்,

பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். 'போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்க' என்று கடையில் சொன்னதை இப்போதே நம்பிவிடாதே. போர்டு என்பது எல்லாப் பாகங்களும் இணையும் மதர்போர்டு. பன்னிரண்டு வருஷத்து லேப்டாப் இப்படி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமைத்தான், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும் நினைவகத் தகட்டை. அதைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் போர்டைக் குறை சொல்லக் கூடாது.

அதைவிட முக்கியம், யார் கையில் கொடுத்தாலும் ஃபார்மட் செய்ய விடாதே. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்தாலும் கம்பெனி லோகோ வரத்தான் வேண்டும். லோகோவே வராத கோளாறுக்கு உன் ஆய்வேடு இருக்கும் டிஸ்க்கை அழிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

ஆன் செய்து ஒரு நிமிஷம் கழித்து கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார். அதன் லைட் எரிந்து அணைந்தால் போர்டும் ரேமும் உயிரோடுதான் இருக்கின்றன, திரைப் பக்கம்தான் கோளாறு. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாகப் பிடி. மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்விளக்கு போயிருக்கிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தும் பார்த்துவிடு; அதில் படம் வந்தால் கோளாறு லேப்டாப் திரைப் பக்கம்தான்.

கேப்ஸ் லாக் லைட் அசையவே இல்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்று. பேட்டரியின் வயிறு உப்பியிருந்தால் திரும்ப மாட்டாதே, குத்தாதே, குப்பையிலும் போடாதே. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடு. இரண்டு மின்சாரமும் இல்லாத நிலையில் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்து. போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் போட்டுப் பார். பல சமயம் இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லையென்றால் மறுபடி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அடியில் இருக்கும் ரேம் மூடியைக் கழற்று. சின்ன பிளஸ் ஸ்க்ரூ டிரைவர் போதும். கழற்றும் ஸ்க்ரூக்களை எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வை. நீளமான ஸ்க்ரூ குட்டை இடத்தில் ஏறினால் போர்டையே குத்திவிடும். உலோகம் எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கு. ரேமின் இரு பக்கக் கிளிப்பையும் வெளிப்பக்கமாக விலக்கினால் அதுவே சாய்வாக எழும்பும். தங்க நிற விளிம்பை வெளிச்சத்தில் பார்: பளபளப்பு போய், பழுப்பாகப் புகை படிந்த மாதிரி இருக்கும். காற்றில் ஈரமும் உப்பும் உள்ள கடற்கரை ஊரில் இது சீக்கிரமே வரும். வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்; துகள் ஒன்றுகூட ஒட்டாமல் பிரஷ்ஷால் தட்டிவிடு. திரும்ப மாட்டும்போது சாய்வாகவே, தங்க விளிம்பு கிட்டத்தட்ட மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்து. 'டிக்' என்று கிளிப் விழ வேண்டும். பாதி உட்கார்ந்த ரேம் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஓடாது.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பார், பிறகு மற்றதை. அதன்பின் இடத்தையும் மாற்று. மொத்தம் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் பொறு, தானாக அணைந்து அணைந்து எரிந்தாலும் பதறாதே. ரேம் மாறியதை அது கண்டுகொள்ளும் விதம் அப்படி.

சார்ஜரை மறந்துவிடாதே. மல்டிமீட்டரை 200 வோல்ட் டிசியில் வைத்துப் பார்த்தால் லேபிளில் உள்ள 19 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வந்தாலும் அது முழு நிரூபணம் இல்லை. பழைய சார்ஜர் சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, பாரம் ஏறியதும் படுத்துவிடும். அதே வோல்ட், அதே பின் உள்ள வேறு சார்ஜரை இரவல் வாங்கிப் போடு. ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. லேப்டாப்பில் செருகியதும் சார்ஜரின் சொந்த லைட் அணைகிறதா? வேறு சார்ஜரிலும் அப்படியென்றால் பெரும்பாலும் போர்டில் ஷார்ட். அதை நீ தொட வேண்டாம், போர்டில் உள்ள சிப்களையே மாற்றும் சிப் லெவல் வேலை தெரிந்தவரிடம் கொடு.

லோகோ வந்து, தேதி பல வருஷம் பின்னால் காட்டினால் உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. புதியது 3 வோல்ட். சில மாடலில் இதை வயரோடு சேர்த்தே வாங்க வேண்டும். செல் தீர்ந்தால் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை நிரல்) அமைப்புகளும் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விடும். அதில் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐ, ஐடிஇ என்ற இரண்டில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியிருந்தால், விண்டோஸ் ஏறாமல் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரையில் நிற்கும். பயாஸில் அதை முன்பு இருந்தபடி மாற்றினால் போதும், விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.

டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் மட்டும் உடனே நிறுத்திவிடு. அதன்மேல் எந்த ரிப்பேர் புரோகிராமையும் ஓட்டாதே. போகிற டிஸ்க்கை ஓட ஓட விட்டால் மிச்சமும் போகும். சத்தம் இல்லையென்றால் கழற்றி, இரண்டரை அங்குல யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் ஆய்வேட்டை முதலில் நகலெடு.

ரேமின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. ரேமின் வகை பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா என்று தெரிய வேண்டும். எல் என்றால் 1.35 வோல்ட், மற்றது 1.5. பார்த்துவிட்டு இங்கிருந்து ஒன்றைப் பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா