எஸ்எம்பிஎஸ்: வாட் சரி, பின் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை வாட் கணக்கைத் தெளிவாகச் சொன்னது. கனெக்டர், அதாவது வயர் நுனியில் இருக்கும் பிளக் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 650 வாட் வாங்கி வந்தும் கிராபிக்ஸ் கார்டில் செருக வயர் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. பொருந்தாததை அழுத்திச் செருகி மதர்போர்டையே பறிகொடுப்பவர்களும் உண்டு.

கடைக்குப் போகும் முன் மதர்போர்டிலும் கார்டிலும் உள்ள சாக்கெட்டுகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மதர்போர்டுக்கு 24 பின் (மின்முனை) உள்ள பிளக். பிராசஸருக்குச் சின்ன போர்டுகளில் 4 பின், பெரும்பாலானவற்றில் 8 பின். கிராபிக்ஸ் கார்டுக்கு, அது செருகப்படும் மதர்போர்டு ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கிடைக்கும். 6 பின் இன்னொரு 75 தரும், 8 பின் 150 தரும். 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு ஒரு 8 பின் போதும். 320 வாட் எடுக்கும் 3080-க்கு இரண்டு வேண்டும். அந்த இரண்டையும் தனித்தனி வயரில் கொண்டுவாருங்கள். ஒரே வயரில் தொங்கும் இரட்டைத் தலையைக் கொடுத்தால் மொத்தச் சுமையும் அந்த ஒரு வயரில் ஏறி, பிளக் சூடாகும்.

அதிகம் குழப்புவது இரண்டு 8 பின்கள். பிராசஸருக்கானது 4+4 ஆகப் பிரியும். கார்டுக்கானது 6+2 ஆக. முன்னதில் மஞ்சள் நான்கு, கறுப்பு நான்கு. பின்னதில் மஞ்சள் மூன்று, கறுப்பு ஐந்து. பிளக்கைப் பூட்டும் கொக்கியைப் பாருங்கள்: பிராசஸர் பிளக்கில் கொக்கி இருக்கும் பக்கம் 12 வோல்ட், கார்டு பிளக்கில் அதே பக்கம் கிரவுண்ட். மாற்றிச் செருகினால் நேரடி ஷார்ட். துளைகளின் வடிவம் வேறாக இருப்பதால் சாதாரணமாக நுழையாது. பலம் கொடுக்க வேண்டியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். இப்போது பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயரும் கறுப்புதான், ஆகவே பிளக்கில் அச்சிட்ட எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

கனெக்டர் குறைந்தால் கடைக்காரர் கன்வர்ட்டர் ஒன்றை நீட்டுவார். சாட்டாவை (டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் தட்டைப் பிளக்) 6 பின்னாக மாற்றுவதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். கார்டு 75 வாட் கேட்டால் பிளக் உருகக்கூடும். மோலெக்ஸிலிருந்து (பழைய 4 பின் பிளக்) சாட்டாவுக்கு மாற்றும் வயரிலும், பிளாஸ்டிக்கை வயரோடு சேர்த்து வார்த்த வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடியது. உலோக முனையைத் தனித்தனியாக வயரில் இறுக்கி (கிரிம்ப் செய்து) பொருத்திய வகையே மேல்.

புதிய கார்டுகளில் வரும் 16 பின் பிளக் 600 வாட் வரை தாங்கும், முழுதாக உள்ளே இறங்கினால் மட்டும். இடைவெளி தெரியக் கூடாது. பிளக்கிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை வயரை வளைக்கக் கூடாது.

வயர்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டு, டிஸ்க் பக்கம் செருகும் முனைக்குத்தான் பொதுத் தரம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். பழைய வயரைப் புதியதில் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகலாம். அப்படிப் போனால் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் ஒரே நொடியில் போய்விடும், உள்ளிருக்கும் படங்களோடு. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது வயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கி கிராபிக்ஸ் கார்டு போட நினைப்பவர்களுக்கு ஒன்று. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020-இல் 24 பின் கிடையாது, 8 பின்தான். ஹெச்பி எலைட்டெஸ்க் பலவற்றில் 6 பின். டிஸ்க்குக்கான மின்சாரமும் போர்டிலிருந்தே வருகிறது. சாதாரண எஸ்எம்பிஎஸ் போட வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்றே செய்த கன்வர்ட்டர் வேண்டும். ஒல்லி கேபினட்டில் சாதாரண எஸ்எம்பிஎஸ் உட்காரவே இடமிருக்காது. அப்படிப்பட்ட கேபினட் வைத்திருப்பவர்கள் தனி பவர் கனெக்டர் கேட்காத 75 வாட் கார்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்த இதழில் அந்த இரண்டு 8 பின் பிளக்குகளையும் கொக்கி மேலே தெரிய, பக்கத்தில் பக்கமாக வைத்து எடுத்த படத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர், மதுரை