மணிக்கணக்கு வெறும் வியாபாரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழை 22 ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கிப் படித்துவருகிறேன். நெல்லுக்கு உரமிடுவதிலிருந்து வங்கிக் கடன் விண்ணப்பம் வரை தங்கள் பக்கங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை எனக்கு ஏராளம். அந்த நன்றியோடுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற இதழில் டிராக்டர் செலவைக் குறைப்பது பற்றி வந்த கட்டுரையில், "இன்ஜின் ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் இன்னும் நூறு மணி நேரம் ஓட்டலாம், மணிக்கணக்கு பார்த்து மாற்றச் சொல்வது கம்பெனிக்காரர்களின் வியாபாரம்" என்று எழுதப்பட்டிருந்தது. இதே வார்த்தைகளை 2007-ஆம் ஆண்டு ஒரு பட்டறையில் நான் காதால் கேட்டேன், கேட்டதை நம்பினேன். அதற்கு நான் கொடுத்த விலையைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயிலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றினால் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். எரிந்த டீசலின் கரியைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை என்பதால், நிறத்தைக் கொண்டு அதன் ஆயுளைச் சொல்ல முடியாது. விரலில் தேய்ப்பதும் அப்படித்தான். டீசல் கசிந்து கலந்து நீர்த்துப்போன ஆயிலும் கைக்கு வழவழப்பாகவே இருக்கும். ஆனால் பேரிங்குக்கும் அதில் சுழலும் இன்ஜின் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவில் நின்று இரண்டும் உரசாமல் காக்கும் அளவுக்கு அதில் கெட்டித்தன்மை இருக்காது. இந்த அளவு தெரிந்தவர்கள் தங்கள் ஆசிரியர் குழுவில் இல்லாமல் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அப்படியிருந்தும் அந்த வரி எப்படி அச்சேறியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

2006-இல் வங்கிக் கடனில் 39 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை வாங்கினேன். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அந்தக் கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன்தான் படித்துச் சொன்னான். முதல் ஆண்டு ஒழுங்காகச் செய்தேன். பிறகு, பட்டறைக்காரர் சொன்னபடி விரலில் தேய்த்துப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாம் ஆண்டில் மணி காட்டும் மீட்டர் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய 700 ரூபாய் கேட்டார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். ஆயிலையும் பீப்பாயில் இருந்து சில்லறையாக அளந்து ஊற்றுகிற கடையில் வாங்கினேன். இப்படி ஆறு முறை மாற்றாமல் தள்ளிப்போட்டதில் ஏறத்தாழ 9,000 ரூபாய் மிச்சமானது. ஐந்தாம் ஆண்டு கோடை உழவில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததையும் ஓட்டுநர் கவனிக்காமல் ஒரு வயலை முடித்துவிட்டு வந்தார். பேரிங் உருகி, கிராங்க் கீறிப்போயிருந்தது. லேத் பட்டறை கூலியோடு 54,000 ரூபாய் ஆனது. வண்டி 23 நாள் பட்டறையில் கிடந்தது. அந்த மாதத் தவணைக்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது.

மிச்சம் பிடித்த பணம் அன்றைக்கே சட்டைப்பையில் தெரிகிறது. அதனால் வந்த நட்டமோ இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வேறு பெயரில் வருகிறது. என் வண்டிக்கு ராசியில்லை என்று ஊரில் சொன்னார்கள். ஓட்டுநரைக் குறை சொன்னவர்களும் உண்டு. நானும் ஒரு வாரம் அவரைத்தான் ஏசினேன். அந்த 9,000 ரூபாயையும் 54,000 ரூபாயையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்க்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

இது முதல் முறையாக இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் துணுக்குப் பகுதியில், ரோட்டவேட்டர் என்கிற சுழல் கலப்பையின் ஷியர் போல்ட் அடிக்கடி உடைந்தால் கெட்டியான போல்ட் போட்டுவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அந்த போல்ட் உடைவதற்காகவே வைக்கப்பட்டது. கத்தி கல்லிலோ பனங்கட்டையிலோ மாட்டும்போது 25 ரூபாய் போல்ட் முதலில் உடைந்து கியரைக் காப்பாற்ற வேண்டும். எங்கள் ஊரில் அந்த யோசனைப்படி செய்தவர் என் பங்காளி. குறுவை நெல் பருவத்துக்குச் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தபோது வரப்போரம் புதைந்திருந்த கருங்கல்லில் கத்தி மாட்டியது. போல்ட் உடையவில்லை, கியர் பெட்டிக்குள் பற்கள் உடைந்தன. உதிரிபாகமும் கூலியுமாக 18,000 ரூபாய்.

ஆனால் பெரிய நட்டம் அந்த 18,000 அல்ல. கியர் வந்து சேர 11 நாள் ஆனது. சுற்றுவட்டாரத்தில் எல்லா வண்டிகளும் சேற்றுழவில் இருந்ததால் வாடகைக்கும் கிடைக்கவில்லை. ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரக நாற்றை 20, 22 நாளில் பிடுங்கி நட்டால்தான் தூர் கட்டும். அவருடைய நாற்று 33-ஆம் நாளில்தான் நடவுக்குப் போனது. அந்தக் குறுவையில் அடுத்த வயலைவிட அவருக்கு ஒரு மாவுக்கு (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) மூன்று மூட்டை குறைந்தது. அவர் நட்டது 12 மா. ஒரு போல்டின் கதை 36 மூட்டை நெல்லில் போய் முடியும் என்று எந்தத் துணுக்கும் சொல்வதில்லை.

ஏர் ஃபில்டரின் உள் வடிகட்டியைக் கழற்றிவிட்டால் வண்டி நன்றாக மூச்சு விடும் என்பது, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் ரேடியேட்டர் சூடாகாது என்பது, மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கன்டென்சர் வைத்து இருமுனையில் நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டலாம் என்பது என எத்தனையோ யோசனைகள் வாய்வழியே வந்து கொண்டேயிருக்கின்றன. வைக்கோல் கட்டும் இயந்திரத்தோடு பிப்ரவரித் தூசியில் ஓடும் டிராக்டரில் உள் வடிகட்டி இல்லையென்றால், லைனரும் பிஸ்டன் வளையமும் ஒரே பருவத்தில் தேய்ந்துபோகும். இருமுனையில் ஓடிய மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலியோடு, குழாயைத் தூக்கி இறக்கும் கூலியும் சேர்ந்துகொள்ளும். வாய்ச்சொல்லாக இருந்தவரை ஒருவர் கேட்பார், இன்னொருவர் மறுப்பார். தங்கள் இதழில் அச்சான பிறகு "புத்தகத்திலேயே போட்டிருக்கிறது" என்று காட்டுகிறார்கள். மறுத்துப் பேச என்னைப் போன்றவர்களால் முடிவதில்லை.

விவசாயி கஞ்சத்தனத்தால் இப்படிச் செய்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-இல் தொடங்கியதிலிருந்து இயந்திரம் வாங்க 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் அதன் டயருக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வாங்குவதற்கு வழி இருக்கிறது. வாங்கியதைக் காப்பாற்றச் சொல்லித்தர எங்கள் பகுதியில் ஆள் இல்லை. எனக்கு அருகில் உள்ள சர்வீஸ் நிலையம் 38 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. குறுவை நேரத்தில் அங்கே முறை வர ஒரு வாரம் ஆகும். தென் மண்டலத்துக்கான மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம் கார்லதின்னேயில் இருக்கிறது. ஒரு வேலி, அதாவது இருபது மா, நிலம் வைத்திருப்பவர் மாட்டையும் வயலையும் விட்டுவிட்டு அங்கே எப்போது போய்ப் படிப்பது? கையில் ரொக்கம் குறைவாக இருப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது ஆயில் செலவுதான். அந்த இடத்தில் அவன் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டிய இதழ், தைரியமாகச் செய் என்று சொல்லிவிட்டதே என்பதுதான் என் மனக்குறை.

கம்பெனிகள் வியாபாரம் செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாத பாகங்களை மாற்றச் சொல்லும் சர்வீஸ் நிலையங்களை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றித் தாங்கள் எழுதினால் வரவேற்பேன். இந்த ஆத்திரத்தில் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து வெட்டக்கூடாது என்றுதான் சொல்கிறேன். இப்போது என் வண்டியில் மீட்டர் ஓடுகிறது. அதோடு ஒரு நோட்டுப் புத்தகத்திலும் மணிக்கணக்கை எழுதிவருகிறேன். 2011-க்குப் பிறகு இன்ஜினைப் பிரிக்கவில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது சிறியது. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இயந்திரம் பற்றிய யோசனைகளை அச்சிடும் முன் குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரியிலோ வேளாண்மைப் பொறியியல் துறையிலோ ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். இடம் இருந்தால், எத்தனை மணி நேரத்துக்கு எதை மாற்ற வேண்டும் என்பதைத் தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். கொட்டகைச் சுவரில் ஒட்டிக்கொள்வோம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் எங்கள் பக்கம் எல்லா வண்டிகளும் சேற்றில் இறங்கிவிடும். ஆகவே அதற்கு முந்தைய இதழிலேயே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.