மெட்டி ஒலி பாத்து முடிச்ச சனத்துக்கு ஒரு நன்றி

வணக்கம் எல்லாருக்கும்,

போன கிழமை கடைசி எபிசோட் முடிஞ்ச கையோட எங்கட மெட்டி ஒலி வாட்ஸ்அப் குரூப்ல நன்றி போடுவம் எண்டு போனை எடுத்தனான், நாலு கும்பிடுற கையைப் போட்டுப் பாத்திட்டு அழிச்சிட்டன். ரெண்டு வருசத்துக்கு மேல என்னோட மாரடிச்ச ஆக்களுக்குக் கையை மட்டும் காட்டிட்டுப் போறது சரியில்லை எல்லோ. அதான் இண்டைக்கு லீவு, தேத்தண்ணியைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஆறுதலா எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ. பேர் ஒண்டும் போடேல்லை. போட்டா கட்டாயம் ஒரு பேர் விடுபடும், பேந்து அதுக்கு ஒரு மாசம் சமாதானம் கதைக்க வேணும்.

2021 மே கடைசியில இலங்கையில கொரோனாவுக்குப் பயணத்தடை போட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள கிடந்த நேரம் பன்ரெண்டு பேரோட துவங்கினது இது. 2002ல இருந்து 2005 மட்டும் சன் டிவியில போன நாடகம், திருமுருகன் எடுத்தது, 800க்கு மேல எபிசோட். கணக்குப் பாக்காமல் துவங்கினதுதான் நல்லது. ஒரு நாளைக்கு ரெண்டு, கிழமைக்கு அஞ்சு நாள் எண்டு ஒரு நாளும் பிந்தாமல் பாத்தாலே 80 கிழமை வரும், அதை முதலே ஆரும் சொல்லியிருந்தா நான் அண்டைக்கே குரூப்பைக் கலைச்சிருப்பன்.

ஆக்கள் சேந்தது என்னவோ சுகமாத்தான், ரெண்டு மாசத்தில அறுவது பேர். 140வது எபிசோட் மட்டில பாத்தா ஒன்பது பேர்தான் வாயைத் திறக்கினம். எனக்குச் சரியான பயம் வந்திட்டுது, நான் என்ன செய்தனான் தெரியுமே, வினாடி வினா வைச்சன், வெல்லுற ஆளுக்கு போனுக்கு 100 ரூவா ரீலோட். எல்லாரும் கூகிள்ல தேடிச் சொல்லி அதே ரெண்டு பேர் மாறி மாறி ரீலோட் வாங்கினதுதான் மிச்சம். பேந்து ஒவ்வொரு நாளும் காலமை ஒண்டு மத்தியானம் ஒண்டு எண்டு நினைவூட்டல் போட்டன், முக்கால்வாசிப் பேர் குரூப்பை மியூட் பண்ணிட்டினம். (ஆர் எண்டு தெரியும், சொல்லமாட்டன்.)

அந்த நேரம் தெஹிவளை அக்கா, நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டனீங்கள். சிதம்பரம் நல்ல அப்பாவோ, இல்லையோ? டெல்லி குமார் நடிச்ச அந்த அப்பா, அஞ்சு பொம்பிளைப் பிள்ளையளையும் கட்டிக் குடுத்திட்டுப் படுற பாட்டைப் பாத்து அழுதுகொண்டிருந்த சனம் அப்பிடியே ரெண்டாப் பிரிஞ்சுது. பம்பலப்பிட்டி ரிட்டயர்ட் வாத்தியார், பிள்ளையளுக்காகத் தேய்ஞ்ச மனுசன், அவரைக் குறை சொல்லுற வாய் அழுகிப்போம் எண்ட அளவுக்குப் போனார். அதுக்கு ஹட்டன்ல இருந்து இஞ்ச கொழும்பில கடையொண்டில வேலை செய்யிற தங்கச்சி, அண்டைக்கு மட்டும் ஒரு வசனம் எழுதாத பிள்ளை, எழுதினா: "எங்க அப்பாவும் இப்படித்தான் சார், அனுசரிச்சு போமான்னு சொல்லி எங்க அக்காவ மூணு தடவ திருப்பி அனுப்புனாரு." அதுக்குப் பிறகு ஒரு பத்து நிமிசம் ஆரும் ஒண்டும் எழுதேல்லை, மேல "டைப்பிங்" எண்டு வரும், போகும், வரும், போகும். முதல்ல எழுதினது வாத்தியார்தான். "பிள்ளை, அக்கா இப்ப எப்பிடி இருக்கிறா?" எண்டு. விடிய ஒரு மணி மட்டும் கதை போச்சுது. அந்த ராவுதான் இந்த குரூப் உண்மையில துவங்கினது எண்டு நான் நினைக்கிறன். பிறகு வியாழன் வியாழன் உங்கட கேள்வி வராட்டி ஆக்கள் எனக்கு எடுத்துக் கேட்கத் துவங்கிட்டினம். எல்லாம் கூகிள்ல தேடினாலும் விடை கிடையாத கேள்வியள். நன்றி அக்கா, தங்கச்சிக்கு அதைவிட.

இப்ப என்ட பிழையையும் சொல்லத்தான் வேணும். இருவது வருசப் பழைய நாடகத்துக்கு, வாறதை முன்னுக்குச் சொல்லக்கூடாது எண்டு சட்டம் போட்டவள் நான். ஒரு ஆன்ட்டி ஆர்வத்தில ரெண்டு கிழமைக்குப் பிறகு வாற சங்கதியைச் சொல்லிட்டா எண்டு எல்லாருக்கும் முன்னால அவவைப் பேசிப்போட்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை, பேசாமல் வெளிக்கிட்டுப் போட்டா. 2005ல முடிஞ்ச கதைக்கு என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கு, இப்ப யோசிக்க வெக்கமாக் கிடக்கு. அவவைத் திரும்பக் கொண்டுவந்தது தெமட்டகொட தம்பி. தம்பி, நீ அவவுக்கு என்ன சொன்னாய் எண்டு இண்டைக்கு மட்டும் எனக்குத் தெரியாது, ஆனா அவ வந்து "சரி சரி, விடு பிள்ளை" எண்டு சொன்ன ராவு நான் நிம்மதியாப் படுத்தனான்.

தம்பியைப் பற்றி இன்னும் சொல்ல வேணும். 2022 மார்ச் ஆருக்கும் மறந்திருக்காது, பொருளாதார நெருக்கடி, 31ந்திகதி 13 மணித்தியாலக் கரண்ட் கட். ஏ, பி, சி எண்டு எழுத்துப் போட்டு ஊரைப் பிரிச்சு மின்வெட்டு அட்டவணை விடுவினம், எங்களுக்குக் கரண்ட் இருக்கேக்க கொட்டாஞ்சேனைக்கு இராது, அங்க வரேக்க எங்களுக்குப் போயிடும். இந்தப் பொடியன் கம்பஸ் வேலையையும் பாத்துக்கொண்டு ஒவ்வொரு பின்னேரமும் அந்த அட்டவணையைப் பாத்து, எங்கட ஆக்கள் ஆருக்கு எத்தினை மணிக்குக் கரண்ட் எண்டு ஒரு தாள்ல எழுதிப் படம் பிடிச்சுப் போடுவான். ரெண்டு எபிசோடை ஒண்டாக் குறைச்சதும் அவன்தான். மூண்டு நாள் ஒராளைக் காணேல்லை எண்டா தனியா எழுதுவான், ஏன் பாக்கேல்லை எண்டு கேக்கமாட்டான், "அக்கா சாப்பிட்டீங்களா" எண்டுதான் கேப்பான். அப்பிடிக் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரியும், முகத்துவாரத்தில எங்கட ஆள் ஒருத்தி காஸ் கியூவில வெறும் சிலிண்டருக்கு மேல குந்தி இருந்து பாக்கிறா எண்டு. அடுத்தடுத்த சிலிண்டர்க்காரரும் எட்டிப் பாத்து, நாடகத்தில வாற மாமியாரைத் திட்டி, கடைசியில அதில ரெண்டு பேர் குரூப்புக்கே வந்து சேந்திட்டினம்!

இப்ப கொட்டாஞ்சேனை மாமி. ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, ஊரடங்கு. விடிய எழும்பிப் பாத்தா வாட்ஸ்அப் இல்லை, ஃபேஸ்புக் இல்லை, யூடியூப் இல்லை, அரசாங்கம் எல்லாத்தையும் தடை பண்ணி வைச்சிருக்கு. ஞாயிறு பதினொரு மணி நாங்கள் கிழமை முழுக்க விட்டதைப் பேசித் தீர்க்கிற நேரம். நான் குசினியில தேங்காய் திருவிக்கொண்டு நிக்கிறன், வீட்டு போன் அடிக்குது, அந்த போன் அடிச்சு எத்தினை மாசம், அம்மா பயந்துபோனா ஆருக்கோ என்னவோ எண்டு. எடுத்தா மாமி. "புள்ள, வியாழக்கிழம எபிசோட் நீ பாக்கலதானே, ஒக்காரு சொல்றேன்." மாமிக்கு இதெல்லாம் வரும் எண்டு முதலே தெரிஞ்ச மாதிரி ஒரு பழைய கலண்டர் தாளுக்குப் பின்பக்கம் எங்கட நம்பர் எல்லாம் எழுதி வைச்சிருந்தவா. எனக்கு மட்டுமில்லை, ஒவ்வொருத்தரா எடுத்து, ஒராளுக்கு இருவது நிமிசம், பதினொரு பேருக்குச் சொல்லியிருக்கிறா. மாமியாரா நடிச்ச சாந்தி வில்லியம்ஸ் குரலை அப்பிடியே எடுத்து விட்டா, இடையில தானே அந்த மாமியாரைத் திட்டினா, கடைசியில மருமகள் ஓங்கி ஒரு அறை விட்டா எண்டு முடிச்சா. எனக்கும் அப்பிடியொரு சந்தோசம். பின்னேரம் எல்லாம் திரும்ப வேலை செய்யத் துவங்க, அந்த எபிசோடைப் போட்டுப் பாத்தா அதில அறையே இல்லை! மாமி, நாங்கள் பதினொரு பேரும் அதைக் கண்டுபிடிச்சிட்டம், உங்களிட்டக் கேக்கக்கூடாது எண்டு எங்களுக்குள்ள கதைச்சும் வைச்சனாங்கள். உங்கட எபிசோட்தான் நல்லம்.

லண்டன் அண்ணா, எங்களுக்கு ராத்திரி ஒன்பது, கோடைக்கு உங்களுக்குப் பின்னேரம் நாலரை, வேலைத்தலத்தில கக்கூசுக்குள்ள நிண்டு வொய்ஸ் அனுப்பினதெல்லாம் எங்களுக்குத் தெரியும், பின்னுக்குத் தண்ணிச் சத்தம் கேட்டது. நாடகத்தில மகள் விஜியா நடிச்ச உமா மகேஸ்வரி 2021 ஒக்டோபர்ல இறந்துபோன செய்தி வந்த அண்டைக்கு, இண்டைக்குப் புது எபிசோட் வேண்டாம், அவ வாற பழைய காட்சி ஒண்டை எல்லாரும் சேந்து பாப்பம் எண்டு சொன்னதும் நீங்கள்தான். எனக்கு அது தோணவே இல்லை, நான் வழமை மாதிரி ஒன்பது மணிக்கு லிங்கைப் போட ரெடியா இருந்தனான்.

பிறகு, வாய் திறக்காத ஆக்கள். புறக்கோட்டையில ராவு வேலை பாக்கிற அண்ணை, இந்த ரெண்டு வருசத்தில நீங்கள் எழுதினது மொத்தம் மூண்டு மெசேஜ், அதில ஒண்டு பிழையா வந்தது. ஆனா விடிய மூண்டு மூண்டரைக்கு எல்லாத்தையும் ஆரோ ஒராள் வாசிச்சுக்கொண்டு போறது எனக்குத் தெரியும், ஆரும் பதில் சொல்லாத நாளில அதைப் பாத்துத்தான் நான் அடுத்த நாளும் போட்டனான்.

அடுத்தது என்ன எண்டு சண்டை துவங்கிட்டுது, சித்தியோ கோலங்களோ எண்டு. கோலங்கள் 1,500க்கு மேல எபிசோட், மூண்டு வருசம் பிடிக்கும் எண்டு தம்பி கணக்குப் போட்டுப் பயப்படுத்தியும் பாத்தான். எங்களுக்குள்ள வயசு கூடின மாமி முதல் ஆளா அதுக்குத்தான் வோட் போட்டிருக்கிறா, "என்னா அவசரம்" எண்டு ஒரு வொய்ஸும். அப்ப அதுதான். வாற திங்கள் ராத்திரி ஒன்பது மணி, தம்பி லிங்க் போடுவான், ரீலோட் பரிசு ஒண்டும் இல்லை. லண்டன் அண்ணா, உங்களுக்கு நாலரை.