திருவனந்தபுரம் மிருகசாலையின் பழைய பதிவேடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவனந்தபுரம் மிருகசாலை 1857-இல் தொடங்கியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது அதே வளாகத்தில் உள்ள அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்த வருடம். அருங்காட்சியகத்தை மட்டும் பார்க்க ஆட்கள் அவ்வளவாக வரவில்லை என்பதால்தான் 1859-இல் பூங்காவும் மிருகசாலையும் சேர்த்தார்கள். திருவிதாங்கூரில் உத்திரம் திருநாள் மகாராஜா காலம், ரெசிடென்ட்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த ஜெனரல் கல்லன் முன்நின்று நடத்திய வேலை. அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன் ஒரு வானியலாளர். எங்கள் பக்கத்து மக்களுக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அகத்தியர் மலை உச்சியில் ஒரு ஆய்வுக்கூடம் வைத்து பூமியின் காந்த அளவுகள் எடுத்தவர் இவர்தான்.

களியக்காவிளையிலிருந்து அங்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பஸ். மலையாளத்தில் காழ்ச்சபங்களாவு, எங்கள் பெரியவர்கள் வாயில் காட்சி பங்களா. என் தாத்தா அங்கே தோட்ட வேலைக்குப் போனவர், மிருகங்களுக்குப் புல்லும் தழையும் சுமந்தவர். அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு வீட்டில் இருந்தது கொல்லம் ஆண்டு 1120-இல் (1944–45) எழுதிய ஒரு சம்பளச் சீட்டு மட்டும். டிரங்குப் பெட்டியில் கிடந்ததைக் கரையான் தின்றுவிட்டது, நாங்கள்தான் கவனிக்காமல் விட்டோம், அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதனால்தான் இந்தக் கடிதம். மிருகசாலையின் பழைய பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். மிருகங்களின் பிறப்பு, வரவு, இறப்பு எல்லாவற்றையும் எழுதி வைத்து, மார்ச் 31 கணக்கை மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு வருடாவருடம் அனுப்ப வேண்டும் என்று இப்போது விதியே இருக்கிறது. ஆனால் அந்த ஆணையம் வந்தது 1992-இல். அதற்கு முந்திய 130 வருடத்துக்கும் மேலான கதை பழைய காகிதத்தில்தான் இருக்க முடியும். சிங்கவால் குரங்கோ வரையாடோ எந்த மலையில் பிடிபட்டு வந்தது என்று ஒரு வரி கிடைத்தால் போதும், அந்தக் காலத்தில் அவை எங்கெல்லாம் இருந்தன என்று காட்டில் ஆய்வு செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. என்ன தீனி கொடுத்தார்கள், எத்தனை வருடம் உயிரோடு இருந்தது, எந்த நோயில் செத்தது, இதெல்லாம் இன்றைய மிருக வைத்தியருக்கும் வேண்டிய விஷயம்தானே.

வேலை செய்தவர்களின் பெயர்கள்தான் எனக்கு முக்கியம். மகாராஜா பெயரும் துரை பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், கூண்டு கழுவியவர் பெயர் சம்பளக் கணக்கில் மட்டும்தான் இருக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் பக்கத்துத் தாலுகாக்களான விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூர்–கொச்சியோடுதான் இருந்தன. எல்லை மாறியதும் நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டோம், எங்கள் பாட்டன் பூட்டன் பெயர்கள் அந்தப் பக்கத்துக் கணக்கில் நின்றுவிட்டன. இதைக் கேரள அரசு மட்டும் செய்யட்டும் என்று விடாமல், தமிழ்நாட்டு ஆவணக் காப்பகமும் கூடச் சேர்ந்து செய்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, இதற்கு அவசரமும் இருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் கொல்லம் ஆண்டில், பழைய திருவிதாங்கூர் நாணயமான சக்கரக் கணக்கில் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். இதைத் தடுமாறாமல் வாசிக்கிறவர்கள் எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் மிச்சம். என் அப்பாவுக்கு 90 வயது, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர், பழைய கையெழுத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுவார். சம்பளப் புத்தகங்களை வாசித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னால் நானே அவரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் அப்பா பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க அவருக்கும் ஆசை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களியக்காவிளை.