லொறி ஏறிய பாதை

பண்டாரவளை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வானுக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக மலை பார்க்கிற பயணம் எனக்கு வேண்டாம் அப்பா, வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஏதாவது ஒன்றாவது செய்ய வேண்டும்" என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு மகிழ்ச்சிதான். மெல்பேர்னில் நீ செய்கிற கூத்துகளின் படங்களைப் பார்க்கிறேனே. அங்கே செய்ய முடிந்ததை இங்கே மட்டும் ஏன் விட வேண்டும்?

உன் சக்கர நாற்காலியோடு எங்கெங்கே போகலாம் என்று இந்த மாதம் முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எல்லவில் கேட்டாலும் நுவரெலியாவில் கேட்டாலும் ஒரே பதில்: "கூட்டிக்கொண்டு வாருங்கள் ஐயா, தூக்கிவிடலாம்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நான் விடுவதில்லை. எங்கிருந்து எங்கே தூக்குவீர்கள், எத்தனை பேர், நாற்காலியோடா ஆளை மட்டுமா, இறங்கும்போது யார் கீழ்ப்பக்கம் நிற்பார் என்று வரிசையாகக் கேட்பேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் பேச்சே இருக்காது. "கொஞ்சம் பொறுங்கள், அளந்து பார்த்துவிட்டு அழைக்கிறேன்" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களின் இலக்கங்களை மட்டும் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். முழு வயதுப் பெண்ணை மூட்டை போல் தோளில் போட்டு உச்சிக்குக் கொண்டுபோய் இறக்கிவைப்பதை நான் உனக்கு ஏற்பாடு செய்யப்போவதில்லை. அதை நீயும் கேட்கவில்லை.

மலைநாடு என்றால் படிக்கட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். படிக்கட்டு நம் வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் ஹோட்டல் வாசலிலும்தான் இருக்கிறது. மலையைப் பெரிய அளவில் வெட்டியது சக்கரங்களுக்காக: கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டிக்கு, பிறகு ரயிலுக்கு, பிறகு கொழுந்து லொறிக்கு. ரயில் பாதையின் மிகக் கடுமையான ஏற்றமே 44 அடி தூரத்துக்கு ஓரடி உயரம்தான். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கட்டுகிறவர்கள் 12 அடிக்கு ஓரடி வரை போகலாம் என்கிறார்கள். கணக்கைப் பார். லொறிப் பாதை ரயில் பாதை அளவுக்குச் சாதுவானது இல்லை, ஆனால் நிறையக் கொழுந்து ஏற்றிய லொறி இறங்கக்கூடிய பாதை எது என்று எனக்குக் கையிலேயே தெரியும். அதனால் நான் தேடுவது பெயர்பெற்ற இடங்களை விட நல்ல பாதைகளைத்தான்.

எல்லாவற்றிலும் முதலாவதாக நான் வைப்பது லிப்டன் சீட் என்கிற காட்சி முனை. அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன தொழிற்சாலைக்குப் போய் (1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது), அங்கிருந்து தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஏறுகிற ஒடுங்கிய பாதை. ஆட்டோ உச்சிக்குப் பக்கத்திலேயே போய்விடும். கடைசித் துண்டு மட்டும் சக்கரத்துக்குச் சரிப்படாது. அதை நீ விட்டுவிட்டாலும் பெரிய இழப்பில்லை. அங்கே இருப்பது லிப்டன் துரை உட்கார்ந்திருக்கும் சிலை, அதோடு படம் எடுக்க வரிசை. காட்சி பாதை நெடுகவும் உண்டு. அதிகாலையில் போக வேண்டும். பத்து மணியானால் முகில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஏறுவது ஆட்டோவில். இறங்குவதுதான் உன் வேலை. நாற்காலிக்கு முன்னால் பூட்டிக் கையால் சுற்றி ஓட்டுகிற அந்தச் சக்கரத்தைக் கட்டாயம் கொண்டு வா. ஏற்றத்தில் அதை நம்பாதே. உன் பாரம் பின்னால் இருக்கும், முன் சக்கரம் மணலில் வழுக்கும். இறக்கத்தில் வேறு ஒரு தொல்லை இருக்கிறது. பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். லொறி என்றால் கியரைக் குறைத்து எஞ்சினில் பிடிப்போம். உனக்கு எஞ்சின் இல்லை. அதனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று, சக்கரத்தை ஆறவிட்டு வர வேண்டும். கொழுந்து நிறுக்கிற மடுவங்களில் நிழலும் கொஞ்சம் சமதரையும் இருக்கும், ஓய்வை அங்கே வைத்துக்கொள்ளலாம். பின்னால் தம்பி ஒரு வாரைப் பிடித்துக்கொண்டு நடப்பான், முன்னால் ஆட்டோ மெதுவாகப் போகும். வார நாளாகப் பார்க்கிறேன், விடுமுறை நாளில் அந்தப் பாதையில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று விலத்தவே இடமிருக்காது. தோட்டத்துரையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தடித்த கையுறை கொண்டு வா. கொழுந்து பறிக்கிற அக்காமார் நீ யாருடைய மகள், கலியாணம் ஆகிவிட்டதா, அங்கே என்ன சம்பளம் என்று கேட்காமல் உன்னை விடமாட்டார்கள். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கு.

ரயிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெட்டியின் படி உயரம், வாசல் ஒடுக்கம், சில நிலையங்களில் மேடை இன்னும் தாழ்வு. இதில் மட்டும் தூக்காமல் முடியாது என்றே வைத்துக்கொள். ஆனால் எங்கே ஏறுகிறோம் என்பதை நாம் தெரிவு செய்யலாம். நானுஓயாவில் ரயில் நிற்கிற சில நிமிடத்துக்குள், சூட்கேசும் படக்கருவியும் தூக்கிய கூட்டத்துக்குள் உன்னை ஏற்ற நான் விரும்பவில்லை. பதுளையில் ரயில் புறப்படுகிறது. 1924இல் பாதை அங்கே வந்து முடிந்தது, இன்றும் அதுதான் கடைசி நிலையம். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே நிதானமாக ஏறலாம். பிறகு தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்துக்குக் கீழேயே நுழைகிற விளையாட்டு, அதன் பின் ஒன்பது வளைவுப் பாலம், எல்ல, கடைசியில் நம் பண்டாரவளை. இறங்குவதற்கு ஆள் வேண்டுமென்று இங்கே நிலைய அதிபரிடம் முதல் நாளே சொல்லிவைக்கிறேன். பாலத்தைப் பார்க்க எல்லோரும் சேற்றுப் பாதையில் இறங்கி நிற்கிறார்கள், அந்த இறக்கம் உனக்கு ஆகாது. 1921இல் கட்டிய அந்தப் பாலத்தின் மேலாகவே நீ போ. கீழே நிற்கிறவர்கள் உன்னைப் படம் எடுக்கட்டும்.

ஹோர்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை மறந்துவிடு. 9.5 கிலோமீட்டர் சுற்று, கல்லும் வேரும் ஓடையுமாக நல்ல கால் உள்ளவனே தடுக்கி விழுகிற பாதை. "முடியும், நாங்கள் நான்கு பேர் தூக்குகிறோம்" என்று ஒரு பொடியன் சொன்னான். அந்த விளிம்புக்கு அப்பால் ஏறக்குறைய 880 மீட்டர் பள்ளம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் பட்டிப்பொல பக்கத்திலிருந்து புல்வெளிக்குள் வரும் தார் வீதியை வானில் போகிறவர்கள் மதிப்பதே இல்லை. விடியும் நேரத்தில் மரைகள் வீதியோரத்தில் நின்று மேயும். அனுமதிக்கிற இடத்தில் நிறுத்தி, நாற்காலியை இறக்கி, தார் மேலேயே நீ உருண்டு போகலாம். தை, மாசியில் அங்கே புல் மேல் உறைபனி விழும், அதற்குத் தகுந்தபடி உடுத்திக்கொள்.

இனி அம்மாவுக்குப் பிடிக்காத இரண்டு. எல்லவில் கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடக்கிற விளையாட்டு இருக்கிறது, அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். கால் வேலை செய்யாததால் அதில் பெரிய நட்டமில்லை, தொங்குகிறவனுக்குக் கால் எதற்கு? கவனிக்க வேண்டியது ஏறுமிடமும் நிற்குமிடமும். இடுப்பு வார் போதாது, தோள் வரை கட்டுகிற முழு வார் வேண்டும். கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி உயர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்து சேருகிற மேடையில் அடிபடும், அடிபட்டதும் உனக்குத் தெரியாது. நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரத்தில் எடுப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். வாரில் தொங்குகிற ஒவ்வொரு நிமிடமும் தொடையின் தோலுக்குக் கேடு. இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரும் வரை நான் பணம் கட்டமாட்டேன்.

கித்துல்கலவில் களனி கங்கையில் இறப்பர் படகு ஓட்டுகிறார்கள். அதை மலைநாடு என்று சொல்வதா அடிவாரம் என்று சொல்வதா, எப்படியும் அட்டனிலிருந்து இறங்குகிற வழியில்தான். மேலே உள்ள நீர்மின் நிலையங்கள் திறக்கிற தண்ணீரைப் பொறுத்து ஆற்றின் மட்டம் மாறும், ஆகவே நாளையும் நேரத்தையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். படகின் ஓரத்தில் கால் ஊன்றி உட்காருவது வழக்கம். உனக்கு அது முடியாது, நடுவில் தரையில் மெத்தை போட்டு, முதுகுக்குப் பின்னால் ஒருவரை வைத்து உட்கார வேண்டும். உன்னைப் படகோடு கட்டலாம் என்று எவனாவது சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவோம். கவிழ்ந்தால் கட்டு உன்னையும் சேர்த்துக் கவிழ்க்கும். மயங்கிவிட்டாலும் முகம் நீருக்கு மேலே திரும்பி மிதக்கும்படி செய்கிற உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, கரையில் கற்களுக்கு மேலாக உன்னை இறக்குவது எப்படி என்றும் கேட்டிருக்கிறேன். கால் முழுவதையும் மூடுகிற சப்பாத்து போடு. கிளம்பும்போதும் திரும்பும்போதும் காலைப் பார்த்துக்கொள், அட்டை கடித்துத் தொங்கினாலும் நீ அறியமாட்டாய். அட்டைக்கு உப்பும் தேசிக்காயும் அம்மா தந்துவிடுவாள், படகைப் பற்றி மட்டும் அவளிடம் இப்போதைக்குப் பேசாதே.

இதெல்லாம் வேண்டாம், ஒரு நாள் சும்மா உருண்டு திரிய வேண்டும் என்று தோன்றினால் பேராதனைப் பூங்கா இருக்கிறது, அகன்ற சமதரைப் பாதைகள், ஏறக்குறைய 147 ஏக்கர். நுவரெலியாவில் கிறகரி வாவியின் கரையும் பரவாயில்லை. ஹக்கல பூங்கா அழகு, ஆனால் சரிவு அதிகம். நான் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கமாட்டேன்.

தங்குமிடம்தான் என்னை அலைக்கழித்தது. "வசதியான அறை உண்டு" என்பார்கள். போனால் அறைக்குள் கட்டில் வசதியாக இருக்கும், குளியலறைக் கதவு ஒன்றரை முழம், வாசலில் ஒரு படி. "ஒரு படிதானே" என்று ஒருவர் சிரித்தார். இந்த நாட்டில் அங்கவீனமுற்றோரின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது, கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல். சக்கர நாற்காலியில் இருந்த அஜித் பெரேரா உச்ச நீதிமன்றம் வரை போய், பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2011இல் உத்தரவு வாங்கினார். நான் இதைச் சொன்னால் முகாமையாளர்கள் தேநீர் தருகிறார்கள். அதனால் இப்போது வேறு வழி: கதவின் நடுவே அளவு நாடாவை விரித்துப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு என்கிறேன். அனுப்பியவர்களின் அறையை மட்டும் பார்க்கப் போகிறேன்.

மார்கழியில் வர வேண்டாம். நம் ஊவாப் பக்கத்தில் அப்போது மழை, மண்சரிவு பயம் வேறு. வைகாசி தொடங்கி அந்தப் பக்கம், நுவரெலியா, அட்டன் எல்லாம் நனைந்துகொண்டிருக்கும். பட்டிப்பொல சுரங்கத்தின் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயில் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தை கடைசி முதல் பங்குனிக்குள் வந்தால் இரண்டு பக்கமும் ஓரளவு தாங்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு நுவரெலியாவில் கால் வைக்க இடமிருக்காது, உன் சக்கரத்துக்கு எங்கே? புறப்படும் வாரத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். குளிருக்கு அம்மா சுடுநீர்ப் போத்தல் தயாராக வைத்திருக்கிறாள். காலடியில் வைக்கக் கூடாது, வெந்தாலும் உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வயிற்றில் வைத்துக்கொள்.

வீட்டு விஷயம் ஒன்று. நம் வாசல் மூன்று படியும் சேர்த்து ஒன்றரை அடி. 12க்கு ஒன்று என்று போட்டால் 18 அடி நீளச் சரிவு. முற்றம் அவ்வளவு இல்லை, நடுவில் ஒரு திருப்பம் வைக்க வேண்டும், திருப்பத்தில் நாற்காலி நின்று சுற்ற இடமும் வேண்டும். அதற்கு அம்மாவின் ரோஜாப் பாத்திதான் போகிறது. அவளே வரைந்து கொடுத்தாள், ரோஜாவைக் கோழிக்கூட்டுப் பக்கம் மாற்றிவிட்டாள்.

உன் நாற்காலியின் முழு அகலம், கையால் சுற்றும் சக்கரம் பூட்டிய பிறகு மொத்த நீளம், பெரிய சக்கரங்கள் கழன்று வருமா, நாற்காலி மட்டும் எத்தனை கிலோ, இவ்வளவையும் உடனே எழுது. ஆட்டோவின் பின்புறம் எது போகும் எது போகாது என்று பார்க்க வேண்டும். மேசன் பாஸ் வெள்ளிக்கிழமை கொங்கிரீட் போட வருகிறார். அகலமாவது அதற்கு முன் வந்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா