நம் பிள்ளைகளுக்கு நம் அளவுகோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் தேவனாம்பட்டினம் பக்கம் அங்கன்வாடி ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவள். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கண்டறிய ஈரானில் செய்திருக்கும் வேலையைப் பற்றிப் படித்தேன். நம் ஊருக்கும் அது வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஏ.எஸ்.க்யூ’ என்றொரு கேள்வித்தாள் உண்டு. பெற்றோரே நிரப்பலாம். பேச்சு, கைகால் அசைவு, விரல் வேலை, யோசித்துச் செய்வது, மற்றவரோடு பழகுவது என ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஆறு கேள்வி. ‘செய்கிறான்’ என்றால் 10, ‘சில நேரம்’ என்றால் 5, ‘இன்னும் இல்லை’ என்றால் 0. ஈரான்காரர்கள் அதைப் பாரசீகத்தில் எழுதியதோடு விட்டுவிடவில்லை. பல நகரங்களில் 4 மாதம் முதல் 60 மாதம் வரையுள்ள சுமார் 11,000 பிள்ளைகளிடம் பார்த்து, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதைத் தங்கள் பிள்ளைகளை வைத்தே முடிவு செய்தார்கள். 2013இல் வெளியிட்டும் விட்டார்கள்.

எங்கள் கடற்கரையில் மாடிப்படி இல்லாத வீடுகள் நிறைய. ‘படி ஏறுகிறானா?’ என்று கேட்டால் அம்மா என்ன சொல்வாள்? கரையில் கிடக்கும் படகில் தொற்றி ஏறுகிறவன் அவன். ஸ்பூன் பிடித்தே பழகாத பெண்குழந்தை, தட்டில் இருக்கும் பொரியை ஒவ்வொன்றாக விரல் நுனியால் பொறுக்கித் தின்னும். இவர்களுக்கு 0 போட்டால் வீணாக ஒரு குடும்பம் பயந்துபோகும். அதைவிடக் கொடுமை, உண்மையிலேயே பின்தங்கிய பிள்ளையை, ‘ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று மூன்று வயது தாண்டியும் வீட்டிலேயே வைத்திருப்பது. அப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் முன்னேறியிருக்க வேண்டிய காலம் அப்படியே போய்விடும்.

பக்கத்தில் திருவனந்தபுரத்தில், பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க உருவான அட்டையில் இரண்டு வயது வரை 17 செயல்கள்தான். பிள்ளையின் வயதுக்கு நேரே பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் உள்ள செயல்களையெல்லாம் பிள்ளை செய்கிறதா என்று பார்த்தால் போதும். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு அது போதாது.

ஜிப்மரும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, கடலோரக் குப்பங்கள், பண்ருட்டி முந்திரிக்காட்டு ஊர்கள், நெய்வேலி, புதுச்சேரி நகரம் எல்லாவற்றிலும் பிள்ளைகளைப் பார்த்து நமக்கென்று ஓர் அளவை வகுக்க வேண்டும். கேள்விகளை எழுதும்போதே அங்கன்வாடி ஊழியர்களையும் உட்கார வையுங்கள். அந்த அம்மாக்களோடு தினமும் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி ஊழியர்,
கடலூர் முதுநகர்.