மார்கழிப் பசி

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பிக்கு மாற்றல் வந்துவிட்டது. மாடி வீட்டுப் பெரியம்மா வழக்கம்போல உன்னைத்தான் முதலில் விசாரிக்கிறார். மற்ற ஊர்க்கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது எழுத உட்கார்ந்தது உன் சாப்பாட்டைப் பற்றி.

சின்னக்கா உன்னைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லையாம், பசித்தால் வெந்நீராம். மதியம் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறி, இரவுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே பழச்சாறு. உதடு வெடித்து, தோல் வெள்ளை பூத்து, ராத்திரித் தூக்கமும் போய், மலச்சிக்கல் வேறு. கேட்டால் எல்லாம் ஆயுர்வேத முறை என்கிறாயாம். எந்த ஆயுர்வேதம்டி அது? விடுதியில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே மொட்டை மாடிக்கு ஓடி ஒளிந்தவள் நீ. இப்போது நெய்யையும் விட்டுவிட்டு அதற்கு ஆயுர்வேதத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய்.

சரகர் பெயரில் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 6-ஆம் அத்தியாயம் முழுக்கப் பருவத்துக்கேற்ற சாப்பாடும் நடைமுறையும்தான். நம் முன்பனியை அதில் ஹேமந்தம் என்றும் பின்பனியை சிசிரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். உடம்புக்கு ஆண்டிலேயே அதிக பலம் இருப்பது இந்த நாட்களில். வெளியே குளிர் சூழ்ந்துகொள்வதால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் வயிற்றிலேயே திரண்டு, ஜீரண அக்னி, அதாவது செரிமான நெருப்பு, பலமாகிறது. கனமான சாப்பாட்டையும் அதிக அளவையும் தாங்கும் காலம் இது. அந்த நெருப்புக்கு விறகு போடாவிட்டால் அது அணையாது, உடம்பின் சாரத்தையே எரிக்கத் தொடங்கும், கூடவே வாதமும், அதாவது உடம்பில் காற்றின் தன்மையும், ஏறும் என்கிறார் சரகர். வாதம் ஏறினால் என்ன ஆகும்? வறட்சி, வெடிப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை. சின்னக்கா சொன்ன பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பார்.

இந்தப் பருவத்தில் விலக்க வேண்டியவை என்று அதே அத்தியாயம் சொல்வதையும் கேள். வாதத்தைத் தூண்டும் உணவு, லேசான உணவு, வாடைக்காற்று, தண்ணீரில் கரைத்த மாவு, அப்புறம் பிரமிதாகாரம், அதாவது அளவு குறைந்த சாப்பாடு. வாடைக்காற்றையும் கரைத்த மாவையும் தவிர மிச்சமெல்லாம் உன் தட்டில்தான் இருக்கிறது போல.

காலைப் பசியை நீ வெந்நீரால் அடக்குகிறாய் என்பதுதான் என்னை அதிகம் கலங்கடிக்கிறது. பனிக்கால இரவு நீளமானது, அதனால் விடிந்ததுமே பசிக்கும் என்று வாக்படர் என்ற பழைய ஆயுர்வேத ஆசிரியர் தன் அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூலில் எழுதியிருக்கிறார். அது ஆரோக்கியமான பசி. அடக்கக் கூடாத இயற்கை வேகங்கள் என்று சரகர் 13 சொல்கிறார். தும்மல், கொட்டாவி, கண்ணீர், தூக்கம் எல்லாம் அதில் உண்டு, பசியும் உண்டு. பசியை அடக்கினால் மெலிவு, பலவீனம், நிறம் மங்குதல், உடம்பு வலி, ருசியின்மை, தலைசுற்றல் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். வெந்நீர் நல்லதுதான், குடி. ஆனால் சாப்பாட்டோடு குடி. சரகரே பனிக்காலத்துக்கு வெந்நீரைப் பாலோடும் கரும்பின் வகைகளோடும் எண்ணெயோடும் புது அரிசிச் சோற்றோடும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

அந்தப் புது அரிசியை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். மற்ற நாட்களில் செரிக்கக் கடினம் என்று பழைய அரிசியைத்தான் உயர்த்திச் சொல்வார்கள். அறுவடையான புது நெல் வீட்டுக்கு வரும் தை மாதத்தில், அதைச் செரிக்கும் அக்னியும் நம்மிடம் இருக்கிறது! கோதுமை, உளுந்து, எள், நெய், சூடான பருப்பு ரசம் எல்லாம் இப்போது உனக்கு ஆகும். சுவையில் இனிப்பு, புளிப்பு, உப்பு முன்னால் வரட்டும். கசப்பும் துவர்ப்பும் காரமும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். பச்சைக் காய் பிடிக்கும் என்றால் அதையே வேகவைத்து நெய்யில் தாளித்துக்கொள். ஆறவிடாமல் சாப்பிடு.

தயிரை எல்லோரும் பனியில் பயந்து ஒதுக்குகிறார்கள். வாக்படர் தயிர் வேண்டாம் என்பது வசந்தத்திலும் கோடையிலும் மழைக்குப் பின் வரும் சரத் காலத்திலும். பனிக்காலப் பகலில் தடையில்லை. ராத்திரி மட்டும் எந்தப் பருவத்திலும் கூடாது, சூடாக்கியும் சாப்பிடக் கூடாது. உனக்குச் சளி இருமல் இருந்தால் மட்டும் பகலிலும் விட்டுவிடு.

சரி, நீ ஏன் இப்படி ஒடுங்கிப் போனாய் என்று எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்த நாளிலிருந்து சாப்பாடு என்றாலே உனக்குப் பயம். உன் அப்பாவைப் பார்த்தவளுக்கு அந்தப் பயம் வராமல் இருக்காது. அதனால் வெல்லத்தையும் கரும்பையும் நீ தொடவே வேண்டாம். அரிசியும் கோதுமையும் எவ்வளவு, நெய் எத்தனை ஸ்பூன் என்பதை உன் டாக்டரிடம் கேட்டே முடிவு செய். அவர் மருந்து எழுதினால் ஒரு வேளைகூட விடாதே. அளவுக்கு வாக்படர் ஒரு கணக்கு சொல்கிறார். வயிற்றில் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், நான்காவது பங்கு காலி. பசியோடு உட்கார்ந்து, இந்தக் கணக்கில் நிறுத்தினால் போதும். பட்டினி தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெயைச் சூடாக்கி உடம்பெல்லாம் தேய்த்து வெந்நீரில் குளி. இந்தத் தடவை ஓட மொட்டை மாடி கிடையாது, சின்னக்காவே வந்து தேய்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பங்குனி கடைசியில் இதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும், பனியில் சேர்ந்த கபம், அதாவது உடம்பின் குளிர்ந்த கனத்த தன்மை, வெயில் பட்டதும் இளகும். ஒரே நாளில் மாற்றாமல், ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்ததன் முதல் ஏழு நாளும் சேர்த்து மெல்ல மாற்றுவதுதான் முறை. அதற்குள் நானே வந்துவிடுவேன், பேசிக்கொள்ளலாம்.

நாளைக் காலை என்ன சாப்பிட்டாய் என்று எழுது. பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி